பதினாலு இருமல்

கருங்காட்டுத் தோட்டத்தில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர்கள் மூன்று பேர். துரை, பெரிய கிளாக்கர் தம்பையா, மருந்து கொடுக்கும் ரெங்கசாமி. மூவரில் தன் இங்கிலீஷைப் பற்றி அதிகம் பெருமைப்பட்டவன் ரெங்கசாமிதான். திருச்சிராப்பள்ளியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு, அதன்பிறகு ஒரு மருந்துக்கடையில் மூன்று வருஷம், கப்பலேறி இலங்கையில் மடுல்சீமை மலைக்கு வந்தபின் சொந்தமாகப் படித்தது மீதி. அட்டை கிழிந்த அகராதி ஒன்றும், தலையணை கனத்தில் ஒரு வைத்தியப் புத்தகமும் வைத்திருந்தான். வைத்தியப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அர்த்தம் சொல்வான்.

பேசுவதற்குத்தான் ஆளில்லை. பழைய துரை இருபது வருஷம் மலையில் கிடந்தவர். தமிழில் விசாரிக்கவும் தெரியும், வையவும் தெரியும். தம்பையாவோ யாரிடமும் மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். ஆகவே ரெங்கசாமியின் இங்கிலீஷ் எல்லாம் காகிதத்திலேயே இருந்தது. ஒரு சொல்லின் ஓசை தெரியாதபோது, அதைப் போல எழுத்துள்ள வேறொரு சொல்லை நினைத்துக்கொண்டு அவனாகவே ஓர் ஓசை கொடுத்துவிடுவான்.

அவன் மனைவி கனகத்துக்கு எழுத்தே தெரியாது. ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவில் ஆயாவாக இருந்தவள். இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள். அவர்கள் பேசியதெல்லாம் அவள் காதில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ரெங்கசாமி அதற்கு வைத்த பெயர் 'குசினி இங்கிலீஷ்'.

1911ஆம் வருஷம் கார்த்திகையில் பழைய துரை சீமைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். தமிழில் ஒரு சொல் தெரியாது. வந்த முதல் வாரமே, பக்கத்துக் கிராமத்து மாடுகளும், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து மாடுகளும் இறங்கி, புதிதாக நட்ட தேயிலைக் கன்றுகளை மிதித்துத் தின்றுவிட்டன. துரைக்கு வந்த கோபத்தில், இனி லயத்தில் ஒருவரும் மாடு வைக்கக்கூடாது என்று ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லச் செய்தார். சொன்னதைத் தமிழாக்கியது தம்பையா. ரெங்கசாமி பெரட்டுக்குப் போகிறவன் இல்லை. இப்படி ஓர் உத்தரவு போட்டது யாரோ சொல்லி அரைகுறையாகக் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

மார்கழி பிறந்தது. மழையும் பனிமூட்டமுமாக மலை முழுக்க ஈரம். மூன்றாம் லயத்தில் ஓர் ஒற்றையறைக் காம்பராவில் இருந்த இராக்கம்மாவின் மகனுக்கு முதலில் இருமல் கண்டது. மூச்சு விடாமல் இருமி, முகம் நீலம் பாய்ந்து, கடைசியில் சேவல் கூவுவதுபோல ஓர் இழுப்பு இழுத்து, குடித்ததையெல்லாம் கக்கிவிடும் அந்தப் பிள்ளை. கக்குவான் இருமல் என்று பார்த்தவுடனே ரெங்கசாமிக்குத் தெரிந்துவிட்டது. நாலு நாளில் ஒன்பது பிள்ளைகள். மறுநாள் பதினாலு.

மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. பதுளையிலிருந்து மருந்து வரவழைக்கவேண்டும், பிள்ளைகளுக்குப் பால் வேண்டும், ஜில்லா டாக்டரைக் கூப்பிட வேண்டும். எல்லாவற்றுக்கும் துரை வாய் திறக்க வேண்டும். தம்பையாவோ தங்கை கல்யாணத்துக்காக ஹாலிஎலைக்குப் போயிருந்தார். திரும்ப ஒரு வாரம் ஆகும்.

"நானே போய் இங்கிலீஷ்ல சொல்லிடுறேன்" என்றான் ரெங்கசாமி. சொல்லும்போதே அவனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அறைக்குள் முன்னும் பின்னும் நடந்து ஒத்திகை பார்த்தான். இருமலுக்கான இங்கிலீஷ்ச் சொல் புத்தகத்தில் நூறு இடத்தில் இருந்தது: சி, ஓ, யூ, ஜி, ஹெச். அவன் பள்ளிக்கூடத்தில் கலப்பைக்கு 'ப்ளௌ' என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதற்கும் கடைசி நாலெழுத்து இதேதான். ஆகவே இது 'கௌ'.

"சார், லயத்தில் கௌ" என்றான் சுவரைப் பார்த்து.

அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்த கனகம் நிமிர்ந்தாள். "என்னங்க, அது கௌ இல்லைங்க. கௌன்னா மாடு."

"மாட்டுக்கு வேற எழுத்து. ஒரே சத்தத்துல ரெண்டு சொல்லு இருக்கிறது இங்கிலீஷ்ல சகஜம். ஒனக்குத் தெரியாது."

"எழுத்து தெரியாதுதான். ஆனா அந்தப் பிள்ளைங்க இருமறப்ப தொரைசாணி என்ன சொல்லுவாங்கன்னா..."

"கனகம், ரொட்டி தீயுது பாரு."

ரொட்டி இன்னும் கல்லிலேயே போடவில்லை. அவள் மறுபடி மாவைப் பிசைந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கோட்டுப் பித்தானையெல்லாம் போட்டுக்கொண்டு ரெங்கசாமி பங்களாவுக்குப் போனான். துரை வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ரெங்கசாமி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, ஒத்திகை பார்த்தபடியே இங்கிலீஷில் தொடங்கினான்.

"சார், லயத்தில் கௌ. மிகவும் மோசம்."

துரை கோப்பையைக் கீழே வைத்தார். "எந்த லயத்தில்?"

"மூன்றாம் லயம், ஐந்தாம் லயம், சார்."

"எத்தனை?"

"முந்தாநாள் ஒன்பது. நேற்று பதினாலு."

"ஒரே நாளில் ஐந்து கூடிவிட்டதா!" துரை எழுந்துவிட்டார். "எங்கிருந்து வருகின்றன?"

துரை இவ்வளவு அக்கறை காட்டுவார் என்று ரெங்கசாமி எதிர்பார்க்கவில்லை. உற்சாகமாகச் சொன்னான்: "கிராமத்திலிருந்து வந்திருக்கும் சார். இரவில்தான் அதிகம்."

"இரவில்! எனக்குத் தெரியும். அப்போதே நினைத்தேன். பகலில் எங்கே வைத்திருக்கிறார்கள்?"

"காம்பராவுக்குள்தான் சார். வெளியே விடாதே, குளிர் படக்கூடாது என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்."

"நீயா?"

"ஆமாம், சார்" என்றான் ரெங்கசாமி அடக்கத்தோடு.

துரையின் கழுத்து சிவந்தது. காது சிவந்தது. "சாயங்காலம் நாலு மணிக்குள் அத்தனையும் தோட்டத்தைவிட்டு வெளியே போயிருக்க வேண்டும். நாலு மணிக்கு நானே வருவேன். மிச்சமிருப்பதைச் சுட்டுவிடுவேன்."

சுடுவது என்பதற்கு இங்கிலீஷ்ச் சொல்லை ரெங்கசாமி அறிவான். தவறாகக் கேட்டோமோ என்று ஒரு கணம் நின்றான். துரை உள்ளே கை காட்டினார். சுவரில் துப்பாக்கி தொங்கியது.

"சார்... எல்லாம் சின்னஞ்சிறுசுகள்."

"சிறிசோ பெரிசோ எனக்கு ஒன்றுதான்."

"தாய்மார்கள்?"

"தாயையும் சேர்த்துத்தான்!"

"பால், சார்... பால்..." என்று தடுமாறினான், கேட்க வந்ததை எப்படியாவது கேட்டுவிடவேண்டும் என்று.

"பால் தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி. போ!"

பங்களாவிலிருந்து இறங்கும் படிகள் அறுபத்திரண்டு. ரெங்கசாமி எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே வந்து நின்றான். ஒரு கல்லில் உட்கார்ந்தான். கீழே மூன்றாம் லயத்துக் கூரையில் அடுப்புப் புகை பனியோடு கலந்து நின்றது. அந்தப் பதினாலு பிள்ளைகளின் பெயரும் அவனுக்குத் தெரியும். இருமி இருமிக் கழுத்து நரம்பு புடைத்த பிள்ளைகளை இந்த மழையில் எங்கே கூட்டிக்கொண்டு போவார்கள்? இந்த உத்தரவை, லயத்து ஆட்களுக்குத் தலைவரான வீரய்யா கங்காணியிடம் போய்ச் சொல்ல அவனால் முடியாது. யோசித்துக்கொண்டே இருந்தவன், ஒரு முடிவுக்கு வந்தபின் எழுந்தான்.

நேரே வீட்டுக்குப் போகவும் மனம் வரவில்லை. மருந்தறையில் மிச்சமிருந்த இருமல் மருந்தைப் பதினாலு குப்பியில் ஊற்றினான். கொண்டுபோய் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் கையாலேயே கொடுத்தான். பிறகுதான் வீட்டுக்கு வந்தான். மணி மூன்று இருக்கும்.

"பெட்டியைக் கட்டு, கனகம்."

"ஏங்க? என்ன ஆச்சு?"

"நாலு மணிக்குத் தொரை துப்பாக்கியோட வர்றாரு. இருமற பிள்ளைகளைத் தோட்டத்தைவிட்டுத் தொரத்தணுமாம். போகாததைச் சுட்டுப்புடுவாராம். நான் போய் லயத்து வாசல்ல நிக்கப்போறேன். சுட்டா மொதல்ல என்னையச் சுடட்டும். நீ ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு."

கனகம் அவனையே பார்த்தாள். மூன்று வருஷக் குடித்தனத்தில் அவனை இப்படி அவள் பார்த்ததில்லை. பதறாமல் பேசினான், அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நீங்க தொரைகிட்ட என்ன சொன்னீங்க? சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அவன் சொன்னான். லயத்தில் கௌ. பதினாலு. கிராமத்திலிருந்து வந்தது. இரவில் அதிகம். காம்பராவுக்குள் வைத்திருப்பது...

கனகம் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். "ஐயோ, என்னங்க நீங்க! பதினாலு மாட்டைக் காம்பராவுக்குள்ள பூட்டி வைக்கச் சொன்னேன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க!"

"எழுத்து வேற..."

"காதுக்கு ஏதுங்க எழுத்து?"

காலையில் துரை சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து மாட்டின்மேல் உட்கார்ந்தது. வெட்கம் ஒரு பக்கம். நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கிய நிம்மதி ஒரு பக்கம். அதற்குள் கனகம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தாள். "நின்னுக்கிட்டு இருக்காதீங்க! கோவக்காரத் தொரை, நாலு மணி வரைக்குமா காத்திருப்பாரு?"

காத்திருக்கவில்லைதான். அவர்கள் மூன்றாம் லயத்துக்கு ஓடிவந்தபோது துரை துப்பாக்கியோடு மேட்டுப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் கயிற்றுச் சுருளோடு காவல்காரன் ஒருவன். லயத்து முன்வாசல் இஸ்தோப்பில் நின்ற பெண்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள்.

ரெங்கசாமி பாதையின் நடுவே போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். ஐந்து வகுப்பும் அகராதியும் வைத்தியப் புத்தகமும் ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கனகத்தின் குரல் வந்தது. "நோ கௌ, மாஸ்டர். காஃப். சில்ட்ரன் காஃப்."

துரை நின்றார். கனகம் முன்னால் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினாள். இழுப்பையும் இழுத்துக் காட்டினாள். அவள் முடிக்கவும், உள்ளே இராக்கம்மாவின் மகன் நிஜமாகவே தொடங்கினான். அந்த இருமலுக்கு எந்த மொழியும் வேண்டியதில்லை.

துரை துப்பாக்கியைக் காவல்காரனிடம் கொடுத்தார். தலை குனிந்து காம்பராவுக்குள் நுழைந்தார். கம்பளியில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தாள் இராக்கம்மா. இருமல் அடங்கும்வரை துரை அங்கேயே நின்றார். வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"நான் சுடுவேன் என்றேனே. எதை என்று நீ நினைத்தாய்?" என்று ரெங்கசாமியிடம் கேட்டார்.

ரெங்கசாமி பிள்ளைகளைக் கை காட்டினான்.

"அப்படி நினைத்துக்கொண்டா என் முன்னால் வந்து நின்றாய்?"

"ஆமாம், சார்."

துரை காவல்காரன் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு சாக்கடைக் கட்டின்மேல் உட்கார்ந்தார். பதினாலு மாடுகளைக் குளிர் படாமல் காம்பராவுக்குள் வைத்திருக்கும் மருந்துக்காரனை அப்போதுதான் அவர் மனக்கண்ணில் பார்த்திருக்க வேண்டும். தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் தொடங்கிய சிரிப்பு கண்ணில் நீர் வரும்வரை போயிற்று. கனகமும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே லயத்துப் பெண்களும் சிரித்தார்கள். கடைசியாகச் சிரித்தவன் ரெங்கசாமி.

அன்றே தபால்காரன் பதுளைக்கு ஓடினான். மருந்து வந்தது. பங்களாவில் துரைக்காகக் கறந்த பாலில் முக்கால்வாசி தினமும் லயத்துக்கு வந்தது. பனிக்காற்று வராமல் இஸ்தோப்புகளில் சாக்குப்படுதா கட்டினார்கள். இருமல் உள்ள பிள்ளைகளின் தாய்மார்கள் கொழுந்து எடுக்கப் போகவேண்டாம், பெயர் மட்டும் போட்டு அன்றைய கூலியை வாங்கிக்கொள்ளலாம் என்றார் துரை. எல்லாம் செய்தும் ஐந்தாம் லயத்தில் ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்று தங்கவில்லை. அதன் தகப்பனோடு ரெங்கசாமியும் மண் போடப் போனான். மற்றவை தேறின.

ஆனால் ரெங்கசாமிக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. ஜில்லா டாக்டர் பதுளையிலிருந்து குதிரையில் வரப்போகிறார் என்று கடிதம் வந்திருந்தது. அவருக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் மனத்துக்குள் புழுங்கினான். மூன்றாம் நாள், பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவியின் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அது... எப்படிச் சொன்னே?"

"எதுங்க?" என்றாள், தெரிந்தும் தெரியாதவள்போல.

"அதான். இருமல்."

"காஃப்."

"காப்பு."

"அது கையில போடுறதுங்க. காஃப்."

"காப்பி."

"அது குடிக்கிறது." அவள் பூண்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "என் வாயைப் பாருங்க. மேல் பல்லை கீழ் உதட்டுல வையுங்க. கடிக்காதீங்க, சும்மா வையுங்க. இப்ப ஊதுங்க. உதடு ரெண்டும் ஒட்டவே கூடாது. ஒட்டினா 'ப' ஆயிடும்."

ஊதினான். எச்சில் தெறித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லை, காத்து வருது" என்றாள்.

தமிழில் இதற்கு எழுத்தில்லையே என்றான். இல்லைதான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். ஆனால் எழுத்து இல்லையென்றால் பல்லும் உதடுமா இல்லாமல் போய்விடும்? அவன் வைத்தியப் புத்தகத்தை எடுத்து, அந்தச் சொல்லின் பக்கத்தில் பென்சிலால் ஆய்தத்தின் மூன்று புள்ளியையும் வைத்து, பகரத்தையும் எழுதினான். புள்ளியைப் பார்த்தால் பல்லை உதட்டில் வைக்க வேண்டும் என்பது ஞாபகம் வரும்.

நாலு நாள் மருந்தறையில் ஊதிக்கொண்டே இருந்தான். களிம்பு அரைக்கும்போது ஊதினான், கட்டுத் துணி கிழிக்கும்போது ஊதினான். காலில் புண்ணோடு வந்த வீரய்யா கங்காணி இதைப் பார்த்துவிட்டு, "டாக்டரய்யாவுக்குப் பல்லுவலியோ? கிராம்பு இருக்கு, தரட்டுங்களா?" என்று கேட்டார்.

அதே சமயம் பங்களாவிலும் ஒருவர் பாடம் படித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் தெரியாததால் பிள்ளைகள்மேல் துப்பாக்கி எடுத்துக்கொண்டு போக நேர்ந்ததே என்ற உறுத்தல் துரைக்குப் போகவில்லை போலும். ஒரு நாள் காலைப் பெரட்டு முடிந்ததும் இராக்கம்மாவை நிறுத்தி, தமிழில் விசாரித்தார்.

"ஒன் பிள்ளைக்கி எருமை எப்பிடி இருக்கு?"

பெரட்டுக்களத்துப் பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள். இராக்கம்மா நல்ல பெண். கூடையை இறக்கி வைத்துவிட்டு, கை கட்டி, சிரிக்காமல் சொன்னாள்: "எருமை இப்ப தேவலைங்க தொரை. ராத்திரி நல்லா தூங்குறான்."

துரை திருப்தியோடு போனார். அவர் காதில் விழாத தூரம் போனபிறகு களமே வெடித்தது. மருந்துக் குப்பியோடு அந்த வழியாக வந்த ரெங்கசாமி மட்டும் அந்தச் சிரிப்பில் சேரவில்லை. சாயங்காலம் பங்களாவுக்குப் போய், இருமல் என்ற சொல்லைத் துரைக்கு மெதுவாக இருபது தடவை சொல்லிக் காட்டினான். துரையின் நாக்கு எங்கே தப்புகிறது என்று அவனுக்கு இப்போது பார்க்கத் தெரிந்தது.

ஜில்லா டாக்டர் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். தலை நரைத்த பறங்கிக்காரர். மழையில் நனைந்து, பசியோடு இருந்தார். குதிரையைவிட்டு இறங்கியதும் "என்ன நிலைமை?" என்று இங்கிலீஷில் கேட்டார். மருந்தறை வாசலில் துரையும் நின்றார். கதவோரத்தில் கனகம் டாக்டருக்குத் தேத்தண்ணியோடு நின்றாள்.

ரெங்கசாமி நெஞ்சை நிமிர்த்தினான். மேல் பல்லை உதட்டில் வைத்தான்.

"கக்குவான் காஃப், சார். பதினாலு பேரில் பதின்மூன்று பேர் தேறிவிட்டார்கள்."

கக்குவானுக்கு இங்கிலீஷ் சொல்ல அந்தப் படபடப்பில் மறந்துவிட்டது. ஆனால் காஃப் சுத்தமாக வந்தது. காற்று பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே போனது அவனுக்கே தெரிந்தது. டாக்டர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தான். டாக்டர் தலையாட்டிவிட்டு, "ஈரக் கோட்டை எங்கே போடலாம்?" என்று கேட்டார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார், மருந்துச் சீட்டுகளைப் பார்த்தார், நன்றாகச் செய்திருக்கிறாய் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பங்களாவுக்குச் சாப்பிடப் போய்விட்டார். அந்தச் சொல்லை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லலையே அந்த மனுஷன்" என்றான் ரெங்கசாமி, கனகத்திடம், மனத்தாங்கலாக.

"சரியாச் சொன்னா யாருங்க கவனிப்பா? தப்பாச் சொன்னப்பதானே துப்பாக்கி வந்துச்சு" என்றாள் கனகம். பிறகு, டாக்டர் மிச்சம் வைத்த தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டே, "எனக்குக் கேட்டுச்சு. தொரைசாணி சொன்ன மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

அவள் சொன்ன அது அவனுக்கு நாள் முழுக்கப் போதுமானதாக இருந்தது. வெளியே மழை விட்டு, லயத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேற்றில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடக்கூடாது என்று அதட்ட எழுந்தவன், எவருக்கும் இருமல் வரவில்லை என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தான். அகராதியை எடுத்து மடியில் விரித்தான். ஜி, ஹெச் என்று முடியும் சொற்களையெல்லாம் தேடி ஒரு தாளில் வரிசையாக எழுதினான். அதில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தான். எல், ஏ, யூ, ஜி, ஹெச். 'லௌ' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டான்.

"கனகம், அந்த வெள்ளைக்காரப் பிள்ளைங்க சிரிச்சா தொரைசாணி என்ன சொல்லுவாங்க?"

அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.